ஐந்தாம் நம்பர் மலையில் இல்லாத காய்ச்சல்

தோட்ட மருந்தகத்தின் காய்ச்சல் பதிவேட்டில், ஜூன் மாத மூன்றாம் புதன்கிழமைப் பக்கத்தின் நான்காவது வரி இது: "மாரிமுத்து, ஆண், வயது 41. காய்ச்சல், இரண்டாம் நாள். வேலைத்தளம்: ஐந்தாம் நம்பர் மலை." அதே நாளுக்கு என் சொந்தக் குறிப்புப் புத்தகத்தில் இருப்பது வேறு: "மாரிமுத்து. மழையால் ஒன்பது நாளாக ஐந்தில் பால் வெட்டு இல்லை. கீழ் வயல் குழியில் தண்ணீர் இறைத்திருக்கிறான்." இரண்டும் என் கையெழுத்து. ஒரே பேனாவால், கால் மணி நேர இடைவெளியில் எழுதியவை.

இப்போது மருந்தகங்களுக்குக் கையடக்கக் கணினி கொடுத்திருக்கிறார்கள். வேலைத்தளம் என்ற கட்டத்தைத் தொட்டால், மலை என்று நாங்கள் சொல்லும் தோட்டப் பிரிவுகளின் எண்கள் வரிசையாக வருகின்றன. ஒன்றைத் தெரிவு செய்தால்தான் அடுத்த பக்கம் திறக்கிறது. அதை எனக்குக் காட்டிய புதிய உத்தியோகத்தர்கள், "ஒங்க காலத்துல இத எப்படிங்க ஐயா நிரப்புனீங்க?" என்று கேட்டார்கள். ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். கஹவத்தைக்கும் கொடகவெலைக்கும் இடையில் உள்ள ஒரு ரப்பர்த் தோட்டம் என்பதற்கு மேல் இடத்தைச் சொல்லப்போவதில்லை. ஆண்டுகளையும் தவிர்த்திருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்.

கதிரேசனும் நானும் ஒரே தோட்டப் பாடசாலையில் படித்தவர்கள். தோட்ட மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கும் ஒன்றாகவே போனோம். ஊசி போடவும் காயம் தைக்கவும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும் கற்றோம். மூன்றிலும் அவனைவிட நானே கெட்டிக்காரன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று முதலில் எழுதினேன். படித்துப் பார்த்தபோது பொய்யாகப் பட்டதால் வெட்டிவிட்டேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

பயிற்சி முடிந்து அவன் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனான். நான் இங்கே வந்தேன். என்னை வேலைக்குப் பழக்கிய மூத்த உதவியாளர் ஒரு சிவப்புப் பென்சிலைக் காதில் செருகியபடியே நடமாடுவார். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும், அன்று வேலைக்கு வராதவர்களின் பெயர்களை ஒரு துண்டில் எழுதி, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் மருந்தகத்துக்கு அனுப்புவார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அந்த ஆள் வேலைக்கு வந்திருந்தால் எந்த மலையில் நின்றிருப்பார் என்ற எண் இருக்கும். நோயாளி வந்து வாயைத் திறப்பதற்கு முன்பே பெயரையும் மலையையும் அந்தத் துண்டைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். பிறகு நோயை மட்டும் எழுதினால் போதும். ஒருமுறை நான் நோயாளி சொன்ன இடத்தை எழுதிவிட்டேன். மூத்தவர் அதைச் சிவப்பால் அடித்தார்.

"ஆள் கணக்கு எழுதுற செக்ரோலும் நம்ம புத்தகமும் புருஷன் பொண்டாட்டி மாதிரி தம்பி. ரெண்டும் வேற வேற கத சொன்னா வெளியாள் சிரிப்பான்."

அன்று மாலையே ஒரு கொப்பி வாங்கினேன். பதிவேட்டுக்குள் அடங்காததை அதில் எழுதத் தொடங்கினேன். தோட்ட ஒபிஸில் இருந்த மழைமானியின் அளவைத் தினமும் பார்த்துவந்து அதில் குறிப்பேன். பழைய கொள்ளைநோய்களின் வரலாறுகளை விரும்பிப் படிப்பவன் நான். தெருக் கிணறு ஒன்றைச் சந்தேகித்து ஊர்ப்படத்தில் புள்ளி வைத்த மனிதர்களைப் பற்றியெல்லாம் படித்திருக்கிறேன். நானும் அப்படி ஒருவன் என்ற நினைப்பு அந்தக் கொப்பியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு வரும்.

மழை பெய்தால் ரப்பரில் பால் வெட்ட முடியாது. ஆனால் மழையில்தான் வயலில் உள்ள மாணிக்கக் குழிகள் நிரம்பும், தண்ணீர் இறைக்க ஆள் தேவைப்படும். கீழ் லயத்து வரிசை வீடுகளுக்கு அடுத்தது வயல். அந்த லயத்தில் குடியிருந்தவர்கள் ஐந்தாம் நம்பர் மலையில் வெட்டுகிறவர்கள். மழை நாளில் மூங்கில் கூடையோடு வயலுக்கு இறங்கிவிடுவார்கள். தோட்டத்துக்கு அது தெரிந்தால் பேர் வெட்டுப்படும், வேலை போய்விடும். குழியைப் பற்றி வெளியே பேசினால் கல் கிடைக்காது என்ற நம்பிக்கையும் உண்டு. அதனால் மருந்தகத்தில் யாரும் குழி என்று சொல்வதில்லை. கால் விரல் இடுக்கில் வெள்ளைக் களிமண்ணோடு வந்து நின்று, "வீட்லதான் இருந்தேங்க" என்பார்கள். நான் தலையாட்டுவேன். பதிவேட்டில் ஐந்தாம் நம்பர் மலை என்று இருக்கும். கொப்பியில் குழி என்று எழுதுவேன்.

நானும் கதிரேசனும் வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரியாக விஞ்ஞானப் பட்டம் முடித்தோம். என் பெறுபேறு அவனுடையதைவிட ஒரு வகுப்பு கூட. அதன் பிறகு, தொற்றுநோய்களின் சூழலியலும் பரவலியலும் என்ற பட்டப்பின் படிப்புக்கு எங்களைப் போன்ற களப் பணியாளர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளப்போவதாக அறிவித்தல் வந்தது. இருவரும் விண்ணப்பித்தோம். நேர்முகத்துக்கு ஒரே பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம். குருவிட்டவைத் தாண்டும்போது கொப்பியை மடியில் விரித்து அவனுக்குக் காட்டினேன்.

"பாத்தியா, மழ பெய்யிற வாரத்துல காய்ச்சல் கொறவு. மழ விட்டு அடுத்த கிழமைதான் குவியுது. வருஷா வருஷம் இதே மாதிரிதான். அது ஏன்னுதான் எனக்குப் புரியல."

கதிரேசன் கச்சான் கடலைக் கோதை உடைத்தபடி, "நல்ல விஷயம்டா" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்ததும் கேட்டேன், என்ன கேட்டார்கள் என்று.

"எதப் பத்திப் படிக்க ஆசன்னு கேட்டாங்க. நீ சொன்னியே, அந்த மழக் கத, அதச் சொன்னேன். பேராசிரியரம்மாவுக்குப் புடிச்சுப்போச்சு. நல்லவேள ஒன்கூட வந்தேன்டா!"

அதில் கள்ளம் இல்லை. கள்ளம் இருந்திருந்தால் அவனை வெறுத்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். உள்ளே போனபோது அதே கேள்வி எனக்கும் வந்தது. அதே பதிலைச் சொன்னால் நான்தான் அவனைப் பார்த்துச் சொல்வதாகிவிடும். வாயில் வந்தபடி கொலராவின் வரலாற்றை ஒப்பித்தேன். பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். இடம் கதிரேசனுக்குக் கிடைத்தது.

இரண்டாம் ஆண்டில் அவன் ஆய்வுக்காக எங்கள் தோட்டத்துக்கே வந்தான். தோளில் பல்கலைக்கழக முத்திரை போட்ட பை. கைத்தொலைபேசியை மண்ணுக்கு மேல் நீட்டி, நிற்கும் இடத்தின் எண்களை எடுப்பான். எலி பிடிக்க அலுமினியப் பெட்டிகள் கொண்டுவந்திருந்தான். மடித்தால் புத்தகம் போல் தட்டையாகும், விரித்தால் பெட்டி. மாலையில் சுட்ட தேங்காய்த் துண்டை உள்ளே வைத்து, பெட்டியின் வாய் புதர்ப் பற்றையைப் பார்த்திருக்கும்படி வைப்பான். விடிந்ததும் கையுறை போட்டு எடுப்பான். எலியின் சிறுநீரகத்தில்தான் எலிக்காய்ச்சல் கிருமி குடியிருக்கும் என்பதால் அதைத் தனியே எடுத்து, எண் எழுதி, ஐஸ் பெட்டியில் அடுக்குவான். அந்தப் பெட்டிகள் மீதுகூட எனக்குப் பொறாமை இருந்தது. அவன் இல்லாத நேரத்தில் ஒன்றை விரித்துப் பார்த்தேன். மடிக்கத் தெரியவில்லை. அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஆறு ஆண்டுப் பதிவேடுகளைக் கேட்டான். கொடுத்தேன். பிறகு கேட்டான்: "பஸ்ல காட்டுனியே ஒரு கொப்பி, அதையும் தாயேன். எனக்கு அதுதான் வேணும்."

"கரையான் அரிச்சிருச்சுடா. எல்லாத்தையும் எரிச்சுட்டேன்."

"ஐயையோ. எல்லாமா?"

"எல்லாந்தான்."

கொப்பிகள் அவன் உட்கார்ந்திருந்த வாங்குக்குப் பின்னால் இருந்த அலுமாரியில், ஆண்டு வாரியாக அடுக்கி, கற்பூரம் போட்டு வைக்கப்பட்டிருந்தன.

பதிவேட்டை நம்பி அவன் ஒரு படம் வரைந்தான். காய்ச்சல் புள்ளிகள் ஐந்தாம் நம்பர் மலையில் அம்மை போட்டது போல் விழுந்தன. அந்தப் படத்தைப் பார்க்கத்தான் அவனுடைய பேராசிரியர் வந்தார். சிங்களப் பெண்மணி, மெலிந்த தேகம், ரப்பர் செருப்பு. நான் துடைத்து வைத்த கதிரையில் உட்காரவில்லை. நோயாளிகள் இருக்கும் வாங்கில் உட்கார்ந்து, பையிலிருந்து கோடு போடும் மர அடிமட்டம் ஒன்றை எடுத்தார். பதிவேட்டின் வரிக்குக் கீழே அதை வைத்து, ஒரு வரி படித்ததும் ஒரு வரி இறக்கினார். பக்கங்களைத் தாண்டவே இல்லை. வெறும் தேத்தண்ணீரோடு கித்துல் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் படித்தார். என் கையெழுத்து அழகு என்றார். உங்கள் நண்பர் நேர்முகத்தில் கேட்ட மழைக் கேள்வியை இன்றும் என் வகுப்பில் சொல்கிறேன் என்றார். கதிரேசன் ஜன்னலைப் பார்த்தான். பிறகு பேராசிரியர் வேலைத்தளம் என்ற நிரலின் தலையில் அடிமட்டத்தின் முனையை வைத்து என்னைக் கேட்டார்:

"மே தீருவ புரவன்னே கவுத?"

இந்த நிரலை நிரப்புவது யார். சரியான கேள்வி அதுதான். கண்டக்டரின் துண்டைப் பார்த்து நிரப்புகிறேன் என்று சொல்ல எனக்குச் சிங்களம் போதாமல் இல்லை.

"மம தமயி மெடம்" என்றேன். நான்தான்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு அடிமட்டத்தை அடுத்த வரிக்கு இறக்கினார். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே என்று அன்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் முதல் ஐந்தாம் நம்பர் மலை ஆட்களுக்கு மட்டும், திங்கட்கிழமைப் பெரட்டில், கிழமைக்கு இரண்டு தடுப்புக் குளிசை கொடுத்தார்கள். அவர்களில் காய்ச்சல் குறைந்தது. குறையத்தானே செய்யும், குழிக்குப் போனவர்களும் அவர்கள்தானே. அதனால் படம் சரி என்றே கதிரேசன் நம்பினான். ஆனால் எலிகள் அவனுக்கு ஒத்துவரவில்லை. ஐந்தாம் நம்பர் மலையில் பிடித்த எலிகளில் கிருமி இல்லை என்று ஆய்வுகூடத்திலிருந்து திரும்பத் திரும்பச் செய்தி வந்தது. அவனுடைய கால எல்லை நெருங்கிக்கொண்டிருந்தது.

"டேய் பாலு, எலியும் பொய் சொல்லாது, பதிவேடும் பொய் சொல்லாது. அப்ப எங்கடா தப்பு?"

"என்னைக் கேக்கிற? படிச்சவன் நீதானே."

அன்று பகல் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

செல்வராஜ் வந்தது நவம்பர் மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை, காலை 8.20. கீழ் லயத்து ஆள். வயது முப்பத்தாறு. கண்டக்டரோடு வாய்த்தர்க்கப்பட்டதால் அவரை ஐந்திலிருந்து ஒன்பதாம் நம்பர் மலைக்கு மாற்றியிருந்தார்கள். குடியிருப்பு மட்டும் மாறவில்லை. குளிசை பெறுகிறவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. காய்ச்சல் மூன்றாம் நாள். கண் சிவந்திருந்தது. ஆடுதசையை லேசாக அமுக்கினேன், "அம்மா!" என்று காலை இழுத்துக்கொண்டார். காற்சட்டை மடிப்புக்குள் வெள்ளைக் களிமண் காய்ந்திருந்தது. ஒன்பதாம் நம்பர் மலையில் அந்த மண் கிடையாது.

கதிரேசன் பக்கத்தில் நின்று ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டிருந்தான்.

"எங்க வேல பாக்கிறீங்க?" என்று செல்வராஜைக் கேட்டான்.

செல்வராஜ் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

"ஒன்பதாம் நம்பர்" என்றேன்.

"அப்ப நம்ம கேஸ் இல்ல. டெங்குவா இருக்கும், ரத்தம் சோதிக்கச் சொல்லு பாலு." அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டான்.

என்ன காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு எழுதும் கடிதத்தில் "மாணிக்கக் குழி" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தால் போதும். ஆனால் அதை எழுதினால், எப்படித் தெரியும் என்று கதிரேசன் கேட்பான். அப்போது கரையான் பொய் வெளியே வரும். அதைவிடப் பெரிய விஷயம், அவன் மாதக்கணக்கில் தேடியது அவன் கைக்குப் போய்விடும், என் கையாலேயே. பதிவேட்டில் "காய்ச்சல், கவனிப்பில்" என்று எழுதினேன். பரசிட்டமோல் கொடுத்து, நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, நாளைக்குக் கஹவத்தையில் இரத்தம் சோதியுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பினேன். அன்று பிள்ளைகளுக்குத் தடுப்பூசி நாள். ஒரு பிள்ளையின் அட்டையில் முந்தின நாள் திகதியை எழுதிவிட்டு அடித்துத் திருத்தினேன். பசி என்று நினைத்துக்கொண்டேன்.

பகல் 1.40க்கு அவர் மனைவி புஷ்பம் ஓடிவந்தாள். பின்னால் இரண்டு பேர் செல்வராஜைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள்.

"டொக்டரய்யா, காலையிலேருந்து ஒண்ணுக்கே போகலங்க. கண்ணுல மஞ்சளடிக்குது. நாளைக்குன்னீங்களே, நாளைக்கு வரைக்கும் தாங்குமாங்க இது?"

"புஷ்பம், உண்மையைச் சொல்லு. பத்தலுக்குப் போனாரா?" மாணிக்கக் குழியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

அவள் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பத்து நாளைக்கு முந்தி, மழைக்குள்ள. நாஞ் சொன்னேன்னு சொல்லிறாதீங்க. பேர வெட்டிட்டா புள்ளைங்க என்னங்க பண்ணும்?"

"நீ சொல்லவே இல்ல. எனக்கே தெரியும்."

அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் அது என்ன சொல் என்று எனக்கு உறைத்தது. அவளும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கடிதத்தை எழுதினேன்: மாணிக்கக் குழியில் வேலை, எலிக்காய்ச்சல் சந்தேகம், சிறுநீர் நின்றுவிட்டது. தோட்ட லொறியைப் பிடித்து இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பதிவேட்டில் 1.40 என்று இரண்டாவது வரி ஒன்றும் எழுதினேன். கதிரேசனுக்குப் போன் செய்தேன். சப்பாத்துச் சேற்றோடு வந்தான்.

"குழியா? ஒனக்கு எப்படிடா தெரியும்?"

அலுமாரியைத் திறந்து கொப்பிகளை மேசையில் வைத்தேன். ஆறையும். அவன் ஒவ்வொன்றாக எடுத்து அட்டையைத் தடவிப் பார்த்தான். எல்லாம் புத்தம் புதிது போல் இருந்தன. கற்பூர வாசம் அறை முழுவதும் பரவியது.

"நல்ல கரையான்டா" என்றான். "ஒரு எழுத்தக்கூடத் தின்னல."

திட்டுவான் என்று காத்திருந்தேன். உட்கார்ந்து படிக்கத் தொடங்கினான். சிறிது நேரத்தில் என்னை மறந்தே போனான். அடுத்த கிழமை பெட்டிகளை வயல் வரம்பில் வைத்தான். அங்கே பிடித்த எலிகளில் கிருமி இருந்தது. குளிசை பெறுகிறவர்களின் பட்டியலை மலை எண்ணை விட்டுவிட்டு லயத்து வாரியாக மாற்றினார்கள். குழி என்ற சொல் தோட்டத்தின் எந்தக் காகிதத்திலும் வராமல் பார்த்துக்கொண்டது கதிரேசன். யாருக்கும் பேர் வெட்டுப்படவில்லை.

செல்வராஜுக்கு ஆஸ்பத்திரியில் இயந்திரத்தால் இரத்தம் சுத்திகரித்தார்கள். மூன்று கிழமை இருந்தார். பிழைத்து வந்தார். என்னை எங்கே கண்டாலும், பஸ்ஸானாலும் சந்தையானாலும், கையெடுத்துக் கும்பிட்டு, "என் உசிரக் காப்பாத்துனவரு" என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்கிறார். புஷ்பம் கும்பிடுவதில்லை. சுகமா என்று கேட்பாள், அவ்வளவுதான்.

கதிரேசனின் ஆய்வேடு அச்சாகிக் கட்டப்பட்டதும் ஒரு பிரதியை அவனே கொண்டுவந்து தந்தான். பதிவேட்டில் உள்ள இடத்துக்கும் மனிதன் உண்மையில் நின்ற இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயம் எழுதியிருந்தான். பேராசிரியர் மிகவும் பாராட்டியதும் அந்த அத்தியாயத்தைத்தான். அதற்கு அடிப்படை ஒரு தோட்ட மருத்துவ உதவியாளரின் நாட்குறிப்புகள் என்று எழுதி என் பெயரைப் போட்டிருந்தான். மழைக் கேள்வியும் என்னுடையது என்று அடிக்குறிப்பில் இருந்தது. இதைக் கண்டதும் மகிழ்ந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அவனுக்கு நன்றி சொல்ல வேண்டிய நிலைக்கு வந்துவிட்டேனே என்றுதான் பட்டது. இதே அத்தியாயத்தை நான் எழுதியிருந்தால் இதைவிட நல்ல தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருப்பேன் என்றும் பட்டது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆய்வேட்டின் கடைசியில் நோயாளிகளின் அட்டவணை ஒன்று இருக்கிறது. பெயர்கள் இல்லை, தொடரெண்கள் மட்டும். வயதையும் திகதியையும் வைத்து செல்வராஜைக் கண்டுபிடித்தேன். "மருந்தகத்துக்கு முதல் வருகை" என்ற நிரலில் அவருக்கு எதிரே பிற்பகல் 1.40 என்று இருக்கிறது. அது பிழை. முதல் வருகை காலை 8.20. பதிவேட்டில் என் கையெழுத்தில் அந்த வரி இருக்கிறது. கதிரேசனும் அப்போது அங்கே நின்றான்.

பதிவேட்டில் அன்று இரண்டு வரிகள் இருப்பதால், பார்த்து எழுதும்போது கண் தவறியிருக்கலாம். நம்ம கேஸ் இல்லை என்று சொல்லிவிட்டுப் போன தன்னை மறைக்க அவன் மாற்றியிருக்கலாம். அப்படியென்றால் நாங்கள் இருவரும் ஒரே தராசில் நிற்கிறோம், எனக்கு அது போதும். அல்லது, நான் விட்ட அந்த ஐந்து மணி இருபது நிமிடங்கள் யார் கண்ணிலும் படக்கூடாது என்று எனக்காகவே மாற்றியிருக்கலாம். நான் தாங்கமாட்டேன் என்று நினைப்பது இதைத்தான்.

அவன் இப்போது இரத்தினபுரியில் இருக்கிறான். பஸ்ஸில் போய்க் கேட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். இன்னும் போகவில்லை. எந்தக் காரணத்தால் அந்த நேரம் மாறியது என்பது, இதை எழுதும் இன்றுவரை, என்னால் சரிபார்க்கப்படவில்லை.